தேதி போடாத புட்டி

போன மாதம் கடற்கரைச் சாலையில் காலை நடை முடித்து, காந்தி சிலைக்கு அருகே கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு ஒரே பிரிவில் 20 வருடம் வேலை பார்த்த நண்பர் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் மகன் பிரான்சிலிருந்து எட்டு வருடம் முன்பு கொண்டுவந்த ஷாம்பெயின் புட்டி ஒன்று வீட்டில் அப்படியே இருக்கிறதாம். பேத்தி கல்லூரி முடிக்கும் அன்று திறக்கலாம் என்று வைத்திருக்கிறார்.

"புட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன்யா. எக்ஸ்பைரி தேதியே போடல. அப்ப அது கெட்டே போகாதுன்னுதானே அர்த்தம்?"

அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைக் கேட்டாலும் குறிப்பு எழுதி மேலே அனுப்பியே பழகிய கை இது. "எழுதித் தருகிறேன்" என்றேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கேள்விக்குப் பின்னால் என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதை இதுவரை இங்கே எழுதியதில்லை.

குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். வரைபடத்தில் மார்ன் ஆற்றையும் ரேன்ஸ் நகரத்தையும் குறிக்கத் தெரிந்த பிறகுதான் காவிரி எங்கே பிறக்கிறது என்று படித்தேன். அந்தப் படிப்பின் மிச்சம்தான் இது.

ஷாம்பெயின் என்பது முதலில் ஊரின் பெயர். பாரிசுக்குக் கிழக்கே, ரேன்ஸ், எபெர்னே என்ற நகரங்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மண் பூமி. குளிர் அதிகம். திராட்சை முழுவதுமாகப் பழுப்பதே அங்கே சிரமம். அறுவடை முடிந்து சாறு நொதிக்க ஆரம்பிக்கும்போது குளிர்காலம் வந்துவிடும். குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும், நொதித்தல் பாதியில் நிற்கும். வசந்தத்தில் வெயில் வந்ததும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மிச்சச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும். அப்போது வரும் கரியமில வாயுதான் குமிழி. அந்தக் காலத்து ஷாம்பெயின்காரர்களுக்கு இந்தக் குமிழி ஒரு பெருமையே இல்லை. ஒயின் கெட்டுவிட்டது என்றுதான் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஓவில்லே மடத்துத் துறவி தோம் பெரிஞோன்தான் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தார் என்று எங்களுக்குப் பள்ளியில் சொன்னார்கள். அது கதை. அவர் 1668 முதல் 1715 வரை அந்த மடத்தின் பொருட்களுக்குப் பொறுப்பாளர். பல தோட்டத்துத் திராட்சைகளைக் கலந்து நல்ல ஒயின் செய்வதில் கெட்டிக்காரர். ஆனால் குமிழியை உண்டாக்க அல்ல, வராமல் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார். அவர் மடத்துப் பொறுப்புக்கு வருவதற்கு ஆறு வருடம் முன்பே, 1662-ல், கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார். ஒயினில் சர்க்கரை சேர்த்து அதைப் பொங்க வைக்கும் பழக்கம் தம் ஊர் வியாபாரிகளிடம் இருப்பதை அதில் எழுதினார். இதை வாசித்தபோது என் பிரெஞ்சு மனம் கொஞ்சம் வாடியது உண்மை.

ஆங்கிலேயருக்கு அது கைகூடியதற்குக் காரணம் கண்ணாடி. கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று 1615-ல் அவர்கள் அரசர், கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரியின் சூடு அதிகம், அதனால் புட்டி கனமாகவும் உறுதியாகவும் வந்தது. உள்ளே அழுத்தம் ஏறினாலும் தாங்கியது. பிரான்சில் விறகு உலையில் செய்த புட்டிகள் வெடித்தன.

பிரான்சிலும் வெடிக்காத புட்டி வந்த பிறகு, 1728-ல் பதினைந்தாம் லூயி அரசர் ஷாம்பெயின் ஒயினைப் புட்டியில் அடைத்தே வெளியூர் அனுப்பலாம் என்று ஆணை போட்டார். அதற்கு முன் பீப்பாயில்தான் போக வேண்டும். பீப்பாயில் குமிழி நிற்குமா? ஆணை வந்த மறு வருடமே ருய்னார் நிறுவனம் தொடங்கியது. ஓர் அரசாணை ஒரு தொழிலையே உண்டாக்கியதற்கு இது நல்ல உதாரணம். கோப்போடு வாழ்ந்தவர்களுக்கு இது பிடிக்கும்.

ஆனாலும் நிலவறைக்குள் ஆபத்து தீரவில்லை. எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு வாயு வரும் என்ற கணக்கு யாருக்கும் தெரியாது. ஒரு புட்டி வெடித்தால் பக்கத்துப் புட்டிகளும் சேர்ந்து வெடிக்கும். வேலைக்காரர்கள் முகத்துக்கு இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஷாலோன் நகரத்து மருந்துக் கடைக்காரர் பிரான்சுவா என்பவர் 1830-களில் சர்க்கரையை அளந்து போடும் முறையை வகுத்துக் கொடுத்த பிறகுதான் சேதம் குறைந்தது. லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்த்தால் புட்டிக்குள் சுமார் 6 மடங்கு காற்றழுத்தம் வரும். கார் டயரில் இருப்பதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு.

இன்னொரு தொல்லை வண்டல். வேலை முடித்த ஈஸ்ட் செத்துப் புட்டிக்குள்ளேயே படியும். அதை எடுக்க வேறு புட்டிக்கு மாற்றினால் குமிழி போய்விடும். இதற்கு வழி கண்டது ஒரு விதவைப் பெண். பெயர் பார்ப்-நிக்கோல் கிளிக்கோ. 1805-ல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27. தொழிலைத் தானே ஏற்று நடத்தினார். அவர் நிலவறையில்தான், 1816 வாக்கில், சாய்பலகையில் ஓட்டை போட்டுப் புட்டிகளைத் தலைகீழாகச் சொருகி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் முறை உருவானது. பிறகு புட்டியைத் திறந்தால் அந்த அழுத்தமே வண்டலை வெளியே தள்ளிவிடும். குறைந்த அளவுக்குச் சர்க்கரை கலந்த ஒயின் ஊற்றி, புதுத் தக்கை அடிப்பார்கள். வண்டல் நீக்கும் இந்த வேலைக்குப் பிரெஞ்சில் 'தேகோர்ஜ்மான்' என்று பெயர். 'வேவ் கிளிக்கோ' என்ற பெயரில் வரும் 'வேவ்' என்பதற்கு விதவை என்றுதான் பொருள். நம் ஊரில் அந்தச் சொல்லை வீட்டு வாசலில் கூட வைக்க விடமாட்டார்கள். அந்த அம்மாள் அதைப் புட்டியின் மேலேயே ஒட்டி ரஷ்யா வரை விற்றார்.

நிற்க. இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

ஐரோப்பியச் சட்டப்படி ஒயினுக்குக் காலாவதித் தேதி போட வேண்டியதில்லை. சாராயச் சத்தும் புளிப்பும் இருப்பதால் அதில் நோய்க்கிருமி வளராது. ஆகவே பழைய ஷாம்பெயின் குடித்து ஒருவருக்கு வயிறு கெடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் கெடுதல் செய்யாது என்பது வேறு, நன்றாக இருக்கும் என்பது வேறு. பால் திரிவது போல ஒரு நாளில் கெடாது. மல்லிகை வாடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

வண்டலோடு நிலவறையில் கிடக்கும் வரை ஷாம்பெயின் பத்திரமாக இருக்கும். செத்த ஈஸ்ட் உள்ளே புகும் பிராணவாயுவைத் தான் வாங்கிக்கொண்டு ஒயினைக் காப்பாற்றும். ரொட்டி சுட்ட மணம் வருவதும் அதனால்தான். சாதாரண ஷாம்பெயின் குறைந்தது 15 மாதமும், ஒரே வருடத்து அறுவடையில் செய்து வருடம் போட்டு விற்பது 3 வருடமும் நிலவறையில் கிடந்த பிறகே வெளியே வரலாம் என்பது சட்டம். வண்டலை நீக்கித் தக்கை அடித்த நாளிலிருந்து வேறு கணக்கு ஆரம்பிக்கிறது. தக்கை வழியே வாயு மெல்லக் கசியும், காற்று மெல்ல உள்ளே போகும். ஆகவே வருடம் போடாத புட்டியை வாங்கி மூன்று நான்கு வருடத்துக்குள்ளும், வருடம் போட்டதை ஐந்து முதல் பத்து வருடத்துக்குள்ளும் குடித்துவிடுவது நல்லது என்பது பொதுவான ஆலோசனை. இத்தாலியின் ப்ரொசெக்கோவுக்குப் பெரும்பாலும் பெரிய தொட்டியிலேயே குமிழி ஏற்றிவிடுகிறார்கள். அதை ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் வைப்பதில் பயனில்லை.

இதெல்லாம் சாதாரண வீட்டுக்கான கணக்கு. நல்ல இடத்தில் இருந்தால் எவ்வளவு தாங்கும் தெரியுமா?

1916 நவம்பரில், முதல் உலகப் போரின்போது, யோன்ஷோப்பிங் என்ற சுவீடன் நாட்டுப் பாய்மரக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி பின்லாந்துக் கடற்கரைக்கு அருகே மூழ்கடித்தது. அதில் 1907-ஆம் வருடத்து ஹைட்சிக் ஷாம்பெயின் இருந்தது. 1998-ல் மேலே எடுத்தபோது 2,000-க்கும் அதிகமான புட்டிகள் கிடைத்தன. 80 வருடம் கடலுக்கடியில் கிடந்தும் குடிக்கத்தக்கதாக இருந்தது.

2010-ல் அதே பால்டிக் கடலில், ஓலாந்துத் தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் இன்னொரு கப்பல் அகப்பட்டது. அது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. 168 புட்டிகள். சிலவற்றின் தக்கையில் வேவ் கிளிக்கோவின் முத்திரை. அதாவது அந்த விதவை அம்மாள் உயிரோடு இருந்த காலத்துச் சரக்கு. சிலவற்றில் கடல்நீர் புகுந்திருந்தது. நன்றாக இருந்தவற்றை ரேன்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். முதலில் ஈரமயிர் போன்ற நாற்றம் அடித்ததாம். கிளாசில் சுழற்றிக் காற்றுப் பட்டதும் அது போய், புகை, மசாலா, தோல் மணம் வந்ததாம். லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. இன்றைய 'ப்ருட்' வகையில் 12 கிராமுக்குக் குறைவு. அந்தக் காலத்தார் பாயசம் மாதிரி குடித்திருக்கிறார்கள். 2011-ல் அதில் ஒரு கிளிக்கோ புட்டி 30,000 யூரோவுக்கு ஏலம் போனது.

170 வருடம் அதைக் காப்பாற்றியது எது? கடலடியில் வெளிச்சம் இல்லை. குளிர் எப்போதும் ஒரே மாதிரி, பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே. ரேன்ஸ் நகரத்துக்கு அடியில் பழைய காலத்துச் சுண்ணாம்புக் குழிகள் இருக்கின்றன. அங்கேயும் வருடம் முழுக்க 10, 12 டிகிரிதான். அந்த நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் இன்னொரு கணக்குப் போட்டார்கள். 12 டிகிரியில் வைத்தால், சாதாரண 75 சென்டிலிட்டர் புட்டி சுமார் 40 வருடம் வரை கிளாசில் குமிழி விடும். இரட்டைப் புட்டியான மேக்னமில் 82 வருடம். புட்டி பெரிதாக ஆக, ஆயுளும் கூடும்.

வெளிச்சமும் ஒரு பகை. ஒயினில் உள்ள சத்துப் பொருட்கள் வெளிச்சம் பட்டு மாறி, வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும். 'கூ த லுமியேர்', வெளிச்சத்தின் ருசி, என்று அதற்குப் பெயர். ரோதரேர் நிறுவனம் 1876-ல் ரஷ்யச் சக்கரவர்த்திக்காக 'கிறிஸ்தால்' என்று நிறமற்ற கண்ணாடியில் ஒன்று செய்தது. இன்றும் அதை மஞ்சள் தாளில் சுற்றித்தான் விற்கிறார்கள். வெளிச்சத்துக்குப் பயந்துதான்.

இனி என் வீட்டுக் கதை.

என் தாய்மாமா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு வருடம் ஷாம்பெயின் பகுதியில் மூர்மெலோன் முகாமில் இருந்தார். பிறகு ஊருக்கு வந்து பென்சியோனில் வாழ்ந்தார். 1978-ல் ஏதோ பத்திர வேலையாக பிரான்சு போனவர், திரும்பி வரும்போது ஒரு ஷாம்பெயின் புட்டி கொண்டுவந்தார். முகாமில் இருந்தபோது பழக்கமான ஒரு விவசாயியிடம் வாங்கியதாம். அந்த வாரம்தான் என் மகள் பிறந்திருந்தாள். அவள் பெயரைச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

மகள் கல்யாணத்துக்கு என்று நான் அதை வேட்டியில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். 1983-ல் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டினோம். பீரோ மாடி அறைக்குப் போனது. மேற்குச் சுவர், மேலே மொட்டை மாடி. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி 11 மணிக்கும் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. 1991-ல் மாமா காலமானார். புட்டி பீரோவிலேயே இருந்தது.

2004-ல் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் புதுவைக்காரர்கள்தான், ஆனால் பாரிசில் குடியேறியவர்கள். மாலை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, 26 வருடம் காத்த புட்டி என்று பெருமையாகச் சொல்லிக் கம்பியைத் திருகினேன். சத்தமே வரவில்லை. தக்கை சுருங்கிப்போய்க் கையோடு வந்தது. கிளாசில் ஊற்றினால் பழைய தேயிலைத் தண்ணீர் நிறம். ஒரு குமிழி இல்லை. சம்பந்தி மரியாதைக்கு ஒரு வாய் வைத்துவிட்டு, "செ மோர்" என்றார். செத்துவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். என் சித்தப்பா மகன், "பேர் தெரியாத சரக்கு. சொல்தா ஏதோ மலிவா வாங்கியாந்து நம்ம தலையில கட்டிட்டாரு" என்றான். நானும் சிரித்தேன். அவமானம் என் மேல் விழாமல் மாமா மேல் விழுந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் கூடத்து வாசற்படியில் மாமி காபி தட்டோடு நின்றிருந்தார். ஒன்றும் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார்.

லேபிளை மட்டும் நனைத்து உரித்து, அந்த வருட டைரியில் ஒட்டி வைத்திருந்தேன். எதையும் கோப்பில் சேர்க்கும் புத்தி. 2015-ல் அந்தக் கடல் புட்டிச் செய்தியைப் பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்தபோது டைரியை எடுத்தேன். லேபிளின் அடியில், கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும் அளவில், 'எர்-எம்' என்ற இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தன. ஷாம்பெயின் லேபிள்களில் இந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. பெரிய வியாபார நிறுவனம் என்றால் 'என்-எம்'. 'எர்-எம்' என்றால் தன் நிலத்துத் திராட்சையில் தானே ஒயின் செய்யும் விவசாயி. மாமா சொன்னது அப்படியே உண்மை. சரக்கு நல்ல சரக்கு. 12 டிகிரியில் 40 வருடம் குமிழி விட்டிருக்கக்கூடிய ஒன்றை, 21 கோடைகள் மொட்டை மாடிக்குக் கீழே வைத்து வேகவிட்டது நான்.

டைரியை எடுத்துக்கொண்டு மாமியைப் பார்க்கப் போனேன். அப்போது அவருக்கு 80-ஐத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி, அன்று நானும் சேர்ந்து சிரித்தது தப்பு என்றேன். மாமி லேபிளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்பா, அவரு கல்யாணத்துக்குன்னா குடுத்தாரு? கொழந்தைக்கு மொதப் பொறந்தநாள் வருமில்ல, அன்னிக்குத் தொறந்து எல்லாருமா ஒரு வாய் குடிங்கன்னுதான் சொன்னாரு. நீதான் கல்யாணத்துக்கு வச்சிக்கிறேன்னு பூட்டிட்ட" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே தொறந்திருந்தா அவருக்கும் ஒரு வாய் கெடச்சிருக்கும்" என்றார்.

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. மாமியிடமே லேபிளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவு சம்பந்திக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினேன். என் மாமா மலிவுச் சரக்கு வாங்கவில்லை, வைத்துக் கெடுத்தவன் நான்தான் என்று. சித்தப்பா மகனுக்கும் போன் செய்து சொன்னேன். அவனுக்கு அந்தப் பேச்சே நினைவில் இல்லை. மூன்று வருடம் கழித்து மாமியும் போய்விட்டார்.

ஆகவே நண்பரே, உங்கள் குறிப்புக்கு என் பதில் இது. தேதி போடவில்லை என்றால் கெடாது என்று பொருளில்லை. அது உங்கள் வீட்டில் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. நம் ஊர் வெயிலில் குளிர்பதன வசதி இல்லாத அறையில் ஒரு கோடையே அதிகம். புட்டியை இன்றே வெளிச்சம் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். திறக்கும் அன்று மூன்று நான்கு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, துண்டு போட்டுப் பிடித்து, தக்கையை யார் முகத்துக்கும் நேரே காட்டாமல், தக்கையைப் பிடித்துக்கொண்டு புட்டியை மெல்லத் திருகுங்கள். சூடாக இருந்தால் தக்கை துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். கண்ணுக்கு ஆபத்து. மிச்சம் இருந்தால் புட்டி வாயில் வெள்ளிக் கரண்டி போட்டால் குமிழி நிற்கும் என்று நம் ஊர்ப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லை. இறுக்கமாக மூடிக் குளிரில் வைத்தால் ஓரிரு நாள் நிற்கும்.

பேத்தி கல்லூரி முடிக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்றீர்கள். மகன் வரும் டிசம்பரில் ஊருக்கு வருகிறார் என்றும் சொன்னீர்கள். கொண்டுவந்து கொடுத்தவர் கூட உட்கார்ந்திருக்கும் அன்றைக்கே திறந்துவிடுங்கள். செத்திருந்தால் அவரும் நீங்களும் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம்.